கை தூக்கல் கம்பியேறிய கதை

மொட்டைமாடி ஒழுகுகிறது. வேலையை எந்த காண்ட்ராக்டரிடம் கொடுப்பது என்று குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஓர் ஓட்டெடுப்பு போடுகிறார். இரவு படுக்கப் போவதற்குள் எல்லா வீட்டுக்காரர்களும் விரலால் தட்டிவிடுகிறார்கள். மறுநாள் காலை தீர்மானம் தயார். கோயில் திருப்பணிக் குழு, பழைய மாணவர் சங்கம், கம்பெனி இயக்குநர் குழு எல்லாம் இன்று இப்படித்தான் முடிவெடுக்கின்றன. கொரோனா காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் ஓர் அறையில் கூடாமலேயே பேசி, ஓட்டுப் போட்டு, தீர்மானம் நிறைவேற்றும் வழக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயது. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால், தந்தி ஆபீஸில் ராத்திரி வேலை பார்த்த ஓர் இளைஞன், அணுகுண்டுகளைக் கணக்குப் போட்ட ஏழு நிபுணர்கள் என எதிர்பாராத ஆட்களெல்லாம் எதிர்ப்படுகிறார்கள்.

அந்தப் பயணம் நெடுகிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஓட்டை எண்ணும் வேலையை மின்சாரம் சீக்கிரமே கற்றுக்கொண்டது. கலந்து பேசும் வேலையை அதற்குக் கற்றுக்கொடுப்பதுதான் இன்றுவரை பெரும்பாடாக இருக்கிறது.

கதையின் முதல் விதை மின்சாரத்துக்கு வெகுகாலம் முன்பே விழுந்தது. மஜோர்கா தீவில் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் ராமோன் லுல். மதப் பிரசாரகர், தத்துவவாதி, எழுதி மாளாத எழுத்தாளர். திருச்சபைப் பதவிகளுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தில்லுமுல்லுகளைத் தவிர்க்க தம் எழுத்துகளில் வழி சொன்னார். வேட்பாளர்களை இருவர் இருவராக நிறுத்துங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் யார் மேல் என்று எல்லோரையும் கேளுங்கள். அதிக ஜோடிகளில் ஜெயித்தவரே பதவிக்கு உரியவர். நியாயமான முறைதான். கணக்குதான் ஆளைக் கொன்றுவிடும். 20 பேர் போட்டியிட்டால் 190 ஜோடிகள்!

தேர்தல் பற்றி லுல் 1299-இல் எழுதிய சிறு நூல் ஒன்றை 15-ஆம் நூற்றாண்டுக்காரரான கூஸா ஊர் நிகோலஸ் தம் கையால் படியெடுத்து வைத்துக்கொண்டார். பிற்பாடு கர்தினாலாக உயர்ந்தவர் அவர். லுல்லைப் படித்தவர் அதை அப்படியே எடுத்தாளாமல், வேட்பாளர்களை வரிசைப்படுத்தி மதிப்பெண் போடும் தம்முடைய முறை ஒன்றை முன்வைத்தார். பிறகு எல்லாம் மறந்துபோயிற்று. 1785-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோந்தோர்செ அதே ஜோடி ஜோடியான ஒப்பீட்டைத் தாமே புதிதாகக் கண்டுபிடித்தார். லுல் தமக்கு முன்னோடி என்று அவருக்குத் தெரிய வழியில்லை. உலகமும் அந்த முறைக்குக் கோந்தோர்செயின் பெயரையே வைத்தது. லுல் எழுதிய இன்னொரு தேர்தல் நூல் வத்திக்கான் நூலகத்தில் கிடந்ததை ஜெர்மன் ஆய்வாளர்கள் அச்சுக்குக் கொண்டுவந்தது 2001-இல்தான். அதற்குள் அவருடைய முறை வேறொரு வாசல் வழியாக உலகத்துக்குள் நுழைந்துவிட்டிருந்தது. அந்த வாசலுக்குப் பிறகு வருவோம்.

இனி மின்சாரம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, தந்தி பிறந்து அதிக காலம் ஆகவில்லை. அமெரிக்கன் டெலிகிராஃப் கம்பெனியின் தடம் ஒன்று பாஸ்டனிலிருந்து வடக்கே கனடா எல்லையோரம் இருக்கும் கேலஸ் ஊர்வரை சுமார் 700 மைல் நீண்டது. வழியில் 33 அலுவலகங்கள். ஒருநாள் வேலை நேரம் முடிந்த பிறகு அந்தத் தடத்தின் ஊழியர்கள் நூற்றுக்கணக்கானோர் கம்பியிலேயே ஒரு கூட்டம் போட்டார்கள். பேச விரும்பியவர் தம் விசையைத் தட்டினார். அவர் சொன்னது 33 அலுவலகங்களிலும் ஒரே நொடியில் கேட்டது. விவாதம் நடந்தது, தீர்மானங்கள் நிறைவேறின, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எல்லோரும் சுமுகமாகக் கலைந்தார்கள்.

மனிதர்கள் நேரில் கூடாமல் நடத்திய மின்கூட்டங்களில் நமக்குப் பதிவு கிடைத்திருக்கும் ஆக முந்தையவற்றில் இது ஒன்று. இதில் என்னைக் கவர்வது அந்தக் கம்பியின் குணம். இரண்டு பேர் ஒரே சமயத்தில் தட்டினால் இரண்டும் குழம்பி ஒன்றுமே புரியாது. ஆகவே ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தே தீரவேண்டும். குறுக்கே பேசாதே என்று தலைவர் மேஜையைத் தட்ட வேண்டிய அவசியமே அந்தக் கூட்டத்தில் இல்லை.

அதே பாஸ்டனுக்கு 1868-இல் ஒரு தந்தி ஊழியர் வந்து சேர்ந்தார். 21 வயது. பெயர் தாமஸ் ஆல்வா எடிசன். சட்டசபைச் செய்திகள் அவர் கை வழியாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஓட்டெடுப்புக்கும் உறுப்பினர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, 'ஆம்', 'இல்லை' என்று கேட்டு எழுதுவதில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்பது அவர் கண்ணை உறுத்தியது. ஒரு இயந்திரம் செய்தார். உறுப்பினரின் மேஜையில் ஒரு விசை. அதை ஒரு பக்கம் தள்ளினால் ஆம், மறுபக்கம் தள்ளினால் இல்லை. செயலாளரின் மேஜையில் உலோக அச்செழுத்தில் உறுப்பினர்களின் பெயர்கள். ரசாயனம் தோய்த்த தாள் வழியாக மின்சாரம் பாயும்போது, அவரவர் பெயர் உரிய பத்தியில் பதிந்துவிடும். மொத்த எண்ணிக்கையை முள் காட்டிவிடும். 1869 ஜூன் 1-ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. எண் 90,646. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை வாங்கப்போகும் மனிதரின் கணக்கில் அதுதான் முதலாவது.

சக தந்தி ஊழியரான டிவிட் ராபர்ட்ஸ் 100 டாலர் கொடுத்துப் பங்கு சேர்ந்துகொண்டு இயந்திரத்தை வாஷிங்டனுக்கு எடுத்துப் போனார். அதைப் பார்த்த காங்கிரஸ் கமிட்டியின் தலைவர், உலகத்தில் எங்களுக்கு வேண்டவே வேண்டாத கண்டுபிடிப்பு ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்ற அர்த்தத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். எடிசனே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. காரணம் எளிது. பெயர் கூப்பிடும் அந்த மந்தமான நேரம்தான் சிறுபான்மைக் கட்சியின் ஆயுதம். அந்த இடைவெளியில் ஆட்களைப் பேசித் திருப்பலாம், மசோதாவை இழுத்தடிக்கலாம், வெளியே போனவரை அழைத்து வரலாம். எடிசன் வீணாகப் போவதாக நினைத்த நேரத்தில்தான் அரசியல் நடந்துகொண்டிருந்தது. விலைபோகாத எதையும் இனிக் கண்டுபிடிப்பதில்லை என்று முடிவுகட்டி, பங்குச்சந்தை விலைகளை அச்சிடும் கருவிகளின் பக்கம் அவர் திரும்பினார். அங்கே காசு கொட்டியது.

ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு அமெரிக்கர் கூட்டம் நடத்துவதன் மறுபாதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஹென்றி மார்ட்டின் ராபர்ட், ராணுவப் பொறியாளர். 1863-இல் நியூ பெட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் திடீரென அவரைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் அவர் கைக்கு அடங்கவில்லை. விதிமுறை தெரியாமல் இனி எந்தக் கூட்டத்திலும் கலந்துகொள்வதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார். 1876-இல் கூட்ட விதிகளை ஒரு புத்தகமாக்கி, தம் சொந்தச் செலவில் 4,000 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது, திருத்தத்தை எப்போது எடுத்துக்கொள்வது, விவாதத்தை எப்படி முடிப்பது எல்லாம் அதில் உண்டு. இன்று அமெரிக்காவில் சங்கங்களும் கிளப்புகளும் பின்பற்றும் நடைமுறைகளில் பெரும்பகுதி இந்தப் புத்தகத்திலிருந்தும் அதைப் பார்த்து எழுதிய எண்ணற்ற கையேடுகளிலிருந்தும் வந்தவை. ராபர்ட்டின் வழிவந்தவர்கள் இன்றைய பதிப்புகளிலும் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்கவில்லை. மின்கூட்டம் நடத்தலாம், ஆனால் எல்லோரும் எல்லோருடைய குரலையும் அதே நேரத்தில் கேட்க முடியவேண்டும். வெறும் கடிதப் பரிமாற்றம் கூட்டமாகாது. அந்த 33 தந்தி அலுவலகங்கள் இந்தப் பரீட்சையில் ஏறக்குறைய தேறிவிடும். நம் வாட்ஸ்அப் குழுக்கள் தேறாது.

எடிசனின் யோசனை அரைநூற்றாண்டு தூங்கியது. 1917-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில சட்டசபை முதன்முதலாக மின் வாக்குப்பதிவைப் பொருத்தியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்தன. தொழில்நுட்பத்தில் முன்னால் நின்ற வாஷிங்டன் மட்டும் அசையவில்லை. அதற்கு முன்னால் நம் டெல்லி முந்திக்கொண்டது.

நம் ஊரில் சபை ஓட்டெடுப்பு என்றாலே குரல்தான். 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்று பேரவைத் தலைவர் சொல்ல, எந்தப் பக்கம் சத்தம் கூடுதலோ அந்தப் பக்கம் தீர்மானம். யாராவது ஒத்துக்கொள்ளாமல் எண்ணிப் பார்க்கச் சொன்னால்தான் எண்ணிக்கை. மக்களவையில் அந்த எண்ணிக்கைக்காக 1957-இல் தானியங்கி வாக்குப்பதிவுக் கருவி வந்தது. அதை இயக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மணி அடித்ததும் உறுப்பினர் ஒரு கையால் தொடக்கப் பொத்தானையும் மறுகையால் பச்சை, சிவப்பு, மஞ்சள் ஆகியவற்றில் ஒன்றையும் சேர்த்து அழுத்தவேண்டும். பச்சை என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை, மஞ்சள் என்றால் இரண்டும் வேண்டாம். 10 விநாடி கழித்து இரண்டாவது மணி அடிக்கும்வரை இரண்டு கையையும் எடுக்கக் கூடாது. இரண்டு கையும் தன் மேஜையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்குப் பக்கத்து இருக்கைக்காரரின் ஓட்டைப் போட ஏது கை? அந்த 10 விநாடியில் மனிதர்களைப் பற்றிய ஆழ்ந்த புரிதல் இருக்கிறது.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 1973 ஜனவரி 23-இல்தான் மின்னணு முறைக்கு வந்தது. எடிசனின் காப்புரிமைக்கு 103 ஆண்டுகள் கழித்து. 435 பெயர்களைக் கூப்பிட முக்கால் மணி நேரம்வரை பிடித்த வேலை, அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்துவதால் 15 நிமிடத்தில் முடிந்தது. மிச்சமான நேரத்தில் உறுப்பினர்கள் கூடுதலாக விவாதித்தார்களா? இல்லை. கூடுதலாக ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஓட்டெடுப்பு சுலபமானதும் அதன் எண்ணிக்கை மளமளவென ஏறியது. அந்த கமிட்டித் தலைவர் பயந்தது வேறு விதத்தில் நடந்தேறியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாசகர்களுக்கு இங்கே நம் வாக்குச்சாவடி இயந்திரம் நினைவுக்கு வரும். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர் நம் எழுத்தாளர் சுஜாதா என்கிற பொறியாளர் ரங்கராஜன். 1982-இல் கேரளத்தின் பரூர் தொகுதியில் 50 சாவடிகளில் அந்த வகை இயந்திரம் முதன்முதலாக வைக்கப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் அந்த ஓட்டுகளைச் செல்லாதென்றது. பிறகு சட்டம் திருத்தப்பட்டது. அது பெருமைக்குரிய தனிக் கதை. ஆனால் அது இந்தக் குடும்பத்தின் தூரத்து உறவுதான். வாக்குச்சாவடியில் ஓட்டு ரகசியமாக இருக்கவேண்டும். குழுவில் பெரும்பாலும் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது ஊரறிய வேண்டும். ஏன் போட்டார் என்பதும் தெரியவேண்டும்.

அந்த 'ஏன்' என்ற பாதியைக் கம்பியில் ஏற்றும் முயற்சி ஒரு விசித்திரமான இடத்தில் தொடங்கியது. 1950-களில் கலிபோர்னியாவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் என்ற இருவர், அமெரிக்க விமானப் படைக்காக ஒரு கேள்வியை 7 நிபுணர்களிடம் வைத்தார்கள். அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்கு முடக்க எதிரிக்கு எத்தனை அணுகுண்டு தேவைப்படும்? ஏழு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால் பெரிய பதவிக்காரர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதனால் அவர்களைச் சந்திக்கவே விடவில்லை. கேள்வித்தாளை அனுப்பி, பதில்களையும் காரணங்களையும் பெயர் நீக்கித் திரட்டி, மறுபடி எல்லோருக்கும் அனுப்பி, விருப்பமிருந்தால் உங்கள் பதிலை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். முதல் சுற்றில் பதில்கள் 50 குண்டு முதல் 5,000 குண்டுவரை சிதறிக் கிடந்தன. ஐந்தாவது சுற்றில், ஆகப் பெரிய பதில் ஆகச் சிறியதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றே கூடுதலாக இருந்தது. டெல்ஃபி என்று பெயர் பெற்ற இந்த முறை ராணுவ ரகசியத்திலிருந்து வெளியே வந்ததும், வியாபார நிறுவனங்களும் மருத்துவக் குழுக்களும் அதைக் கைப்பற்றிக்கொண்டன.

ஆனால் தபாலில் ஒரு சுற்று முடியவே வாரக்கணக்காகும். வாஷிங்டனில் அவசரகால ஆயத்த அலுவலகத்தில் இருந்த மர்ரே டுராஃப் என்பவர் 1970-இல் டெல்ஃபியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார். நிபுணர்கள் அவரவர் ஊரில் தட்டச்சு முனையத்தின் முன் உட்கார்ந்து, தொலைபேசிக் கம்பி வழியாக, தமக்கு வசதியான நேரத்தில் கருத்தையும் ஓட்டையும் பதிந்தார்கள். அடுத்த ஆண்டே அதற்கு ஒரு அவசரம் வந்தது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் நாடு முழுவதும் விலைகளையும் சம்பளங்களையும் 90 நாளுக்கு அப்படியே நிறுத்திவைத்தார். யாருக்கு விலக்கு, எது மீறல் என்று தினமும் முடிவெடுக்கவேண்டிய அதிகாரிகள் நாடெங்கும் சிதறியிருந்தார்கள். அவர்களுக்காக டுராஃப் உருவாக்கிய அமைப்புக்கு எமிசாரி என்று பெயர். அதில் உடனுக்குடன் பேசிக்கொள்ளும் ஒரு பகுதி உண்டு. பல வீடுகள் ஒரே தொலைபேசி இணைப்பைப் பகிர்ந்துகொண்ட பழைய நாள் வழக்கத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: பார்ட்டி லைன். யார் உள்ளே வந்தார், யார் வெளியேறினார் என்று அது அறிவிக்கும். இன்று காணொலிக் கூட்டத்தில் பெயர்கள் தோன்றி மறைவதைப் பார்க்கும்போதெல்லாம் விலைவாசியைக் கட்டிப்போட உட்கார்ந்த அந்த அதிகாரிகளை நினைத்துக்கொள்வேன்.

எமிசாரியையும் அதன்பின் நியூ ஜெர்சியில் டுராஃப் நிறுவிய இன்னொரு அமைப்பையும் அரசும் ஆய்வாளர்களும் பயன்படுத்தினார்கள். சாதாரண ஜனங்களிடம் இந்த வழக்கத்தைக் கொண்டுசேர்த்தவர்கள் வேறு. 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் ஒரு சிக்கலில் இருந்தார்கள். இணையதளங்களை இயக்க அவர்கள் நம்பியிருந்த இலவச மென்பொருளை எழுதியவர் வேலை மாறிப்போய்விட்டார். ஆளுக்கொரு ஒட்டுத் திருத்தம் வைத்திருந்தார்கள். யாருக்கும் யாரும் முதலாளி இல்லை. வெவ்வேறு ஊர்கள், வெவ்வேறு வேலைகள். எந்தத் திருத்தத்தைச் சேர்ப்பது என்று எப்படி முடிவெடுப்பது? மின்னஞ்சலில் ஓட்டு. சம்மதம் என்றால் +1, மறுப்பு என்றால் -1, எதுவானாலும் சரி என்றால் 0. அபாச்சி குழு பிறந்தது இப்படித்தான்.

இவர்கள் சேர்த்த ஒரு விதிதான் இந்தக் கதையிலேயே எனக்கு ஆகப் பிடித்தது. மென்பொருள் மாற்றம் ஒன்றுக்கு -1 போட்டால், ஒரே ஒரு -1 கூட அதைத் தடுத்துநிறுத்தும். ஆனால் தொழில்நுட்பக் காரணத்தை எழுதவேண்டும். காரணமில்லாத மறுப்பு செல்லாது. ஓட்டையும் பேச்சையும் பிரிக்க முடியாதபடி ஒரே வரியில் முடிந்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு தேவையில்லை என்பதற்கும் வழி வைத்தார்கள்: இதைச் செய்யப்போகிறேன் என்று அறிவித்துவிட்டு வழக்கமாக 72 மணி நேரம் காத்திரு, யாரும் வாய் திறக்காவிட்டால் மௌனம் சம்மதம். உலகின் எந்த மூலையில் எந்த நேரத்தில் விழிப்பவருக்கும் படிக்க அவகாசம் கிடைக்கட்டும் என்பதற்கான கணக்கு அது.

இன்னொரு மென்பொருள் குழுவான டெபியனுக்கு உலகம் முழுக்க உறுப்பினர்கள். 1998-இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சாசனமே எழுதிக்கொண்டார்கள். முதலில் விவாதத்துக்கென்று ஒரு காலம், பிறகு டிஜிட்டல் கையெழுத்திட்ட மின்னஞ்சலில் ஓட்டு. எண்ணும் முறை? எல்லாத் தேர்வுகளையும் ஜோடி ஜோடியாக மோதவிடும் கோந்தோர்செ முறை. 2003-இல் அதன் மேம்பட்ட வடிவம் ஒன்றுக்கு மாறினார்கள். 190 ஜோடிகளைக் கம்ப்யூட்டர் கண்ணிமைப்பதற்குள் எண்ணிவிடும். மஜோர்காக்காரரின் யோசனை 700 ஆண்டு காத்திருந்து நுழைந்த வாசல் இதுதான். 'மேற்கண்ட எதுவும் வேண்டாம்' என்பதையும் ஒரு வேட்பாளராக நிறுத்தி மற்றவற்றோடு மோதவிடுகிறார்கள் என்பது கூடுதல் அழகு.

இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் என்ற அமைப்போ ஓட்டே வேண்டாம் என்றது. அரசர்களும் வேண்டாம், அதிபர்களும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். ஏறத்தாழ ஒத்த கருத்தும் ஓடுகிற மென்பொருளும் போதும் என்று 1992-இல் டேவிட் கிளார்க் முன்வைத்த கொள்கை அவர்களுக்கு வேதம். அறையில் கருத்து எந்தப் பக்கம் என்று பார்க்க, கை தூக்கச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகச் சொல்வார்கள். எண்ண முடியாது, யார் என்று தெரியாது, ஆனால் எதிர்ப்பு பலமா சொற்பமா என்று காதுக்குப் புரியும். உலகத்தை மின்கம்பியில் இணைத்தவர்களின் சபை, முடிவெடுக்கும் விஷயத்தில் தொண்டையை நம்பியது.

பிறகு 2020 வந்தது. மார்ச் 20-இல் பிரேசில் செனட் தொலைவிலிருந்தே ஓட்டுப் போட்டது. மார்ச் 26-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் மின்னஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. உறுப்பினர்கள் அதைத் தாளில் அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து திருப்பி அனுப்பினார்கள். மே 12-இல் பிரிட்டிஷ் மக்களவை தன் நெடிய வரலாற்றில் முதன்முறையாகத் தொலைவிலிருந்து வாக்களித்தது. அதையடுத்து வந்த வாக்கெடுப்பு ஒன்றில் நிதியமைச்சர் ரிஷி சுனக் தவறுதலாகத் தம் அரசுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. மூன்றே வாரத்தில் அரசு அந்த வசதியை நிறுத்தியது. ஜூன் 2 அன்று உறுப்பினர்கள் இடைவெளி விட்டு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்து ஓட்டைச் சொல்ல, ஒரு வாக்கெடுப்பு முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த் ஊர்ச் சபை ஜூமில் கூடியது. கூட்டம் சட்டப்படி கூட்டப்பட்டதா என்று தகராறு. கூட்டத்தை நடத்திக்கொடுக்க வந்திருந்த ஜாக்கி வீவர் என்ற அதிகாரி, சபைத் தலைவரையே கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார். அந்தக் காணொலி 2021 பிப்ரவரியில் உலகம் முழுக்கப் பரவியது. ராபர்ட்டின் புத்தகம் எதிர்பாராத கேள்வி இது: தலைமைப் பதவி ஒருவரிடமும் வெளியேற்றும் பொத்தான் இன்னொருவரிடமும் இருந்தால் கூட்டம் யாருடையது? இங்கிலாந்தில் ஊர்ச் சபைகள் இப்படித் தொலைவிலிருந்து கூடுவதற்கான தற்காலிக அனுமதி 2021 மே 7-இல் காலாவதியானது. மீண்டும் நேரில்தான் கூடவேண்டும் என்று உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

முனகும் பொறியாளர்களும் 2020-இல் திணறினார்கள். முனகலுக்கென்று ஒரு பொத்தானைச் செய்தார்கள். அழுத்தியவர்களின் பலத்தை, மென்மை, பலமானது, மிகப் பலமானது என்று இசைக் குறிப்புகளில் வரும் சொற்களால் அது காட்டியது. பயனாளர்களுக்குத் திருப்தி இல்லை. சீக்கிரமே அதை எடுத்துவிட்டுக் கை தூக்கும் பொத்தானை வைத்தார்கள்.

நம் மக்களவைக்கும் சோதனை வந்தது. 2023 செப்டம்பரில் புதிய கட்டடத்தில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா காகிதச் சீட்டில்தான் நிறைவேறியது. 2024 டிசம்பர் 17 அன்று, ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்யும்போது புதிய அவையில் மின்னணு வாக்குப்பதிவு முதன்முறையாக நடந்தது. திரை 220-க்கு 149 என்று காட்டியது. திருத்த விரும்பியவர்களுக்கும் பதிவாகாதவர்களுக்கும் சீட்டு கொடுத்து எண்ணியபின் கணக்கு 269-க்கு 198 ஆனது. கிட்டத்தட்ட நூறு ஓட்டுகளைக் காகிதம் காப்பாற்றியது.

கம்பெனிகளின் கதை வேறு பாதையில் போனது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் இயக்குநர்கள் காணொலியில் கூட வழிவிட்டது. கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தம் பெயரையும், எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்பதையும், அஜெண்டா கிடைத்துவிட்டது என்பதையும், தம் அறையில் வேறு யாரும் இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று விதி எழுதினார்கள். கூட்டத்தின் ஒலி-ஒளிப் பதிவையும் பாதுகாத்து வைக்கவேண்டும். ஆண்டுக் கணக்கை ஏற்பது, நிறுவன இணைப்பு போன்றவற்றை மட்டும் நேரில்தான் முடிவு செய்யவேண்டும் என்றிருந்த தடை, கொரோனாவில் தளர்ந்து 2021 ஜூனில் நீங்கியது. கவனமாக எழுதப்பட்ட விதிகள் இவை.

பங்குதாரர்களுக்கான மின்வாக்குப்பதிவில் மட்டும் எனக்குப் பெரிய குறை உண்டு. பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் ஓட்டெடுப்பு குறைந்தது 3 நாள் திறந்திருந்து, பொதுக்கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடப்படுகிறது. அப்படி ஓட்டுப் போட்டவர் மறுநாள் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், கேள்வி கேட்கலாம். ஓட்டை மாற்ற முடியாது. தலைவரின் பதில் எப்படி இருந்தாலும் ஓட்டு முந்திய நாளே விழுந்துவிட்டது. மதுரையிலோ கோவையிலோ இருக்கும் ஒரு சிறு பங்குதாரர் ரயிலேறாமல் பங்கேற்க முடிவது பெரிய நன்மை. அதை யாரும் திரும்பப் பெறக் கூடாது. ஆனால் கேள்விகளை முன்கூட்டியே வாங்கி, பதில்களை ஓட்டுப்பதிவு திறக்கும் நாளிலேயே எல்லோரும் படிக்கும்படி வெளியிட எந்தக் கம்பெனிக்கும் தடையில்லை. போட்ட ஓட்டைக் கூட்டம் முடியும்வரை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும்படி விதியைத் திருத்தவும் அரசால் முடியும். ஜோடிகளை எண்ணும் கம்ப்யூட்டருக்கு மாற்றிய ஓட்டை எண்ணுவதில் ஒரு சிரமமும் கிடையாது.